பென்சிலினுக்கு மசியாத நிமோனியா கிருமி: அதன் மரபணுவில் நடப்பது என்ன?

பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் என்றதும் நேரே மெடிக்கலுக்குப் போய், "ரெண்டு நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுங்க" என்று கேட்டு வாங்குவது நம்மில் பலருக்கும் பழகிப்போன ஒன்று. அந்த மாத்திரை அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. கடைக்காரரும் அதைப் பார்ப்பதில்லை, நாமும் பார்ப்பதில்லை. சாதாரணச் சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு அந்த மருந்து போய்ச் சேர்கிறது. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

அப்படிக் குடியிருப்பவற்றில் ஒன்று நிமோகாக்கஸ். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலான நாட்களில் எந்தத் தொல்லையும் தராது. நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா, மூளையைச் சுற்றியுள்ள சவ்வை எட்டினால் மூளைக்காய்ச்சல்.

பென்சிலின், அமோக்ஸிசிலின் போன்ற மருந்துகள் இந்தக் கிருமியின் சுவரைக் கட்டும் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன. சுவர் கட்ட முடியாமல் கிருமி உடைந்து சாகிறது. வேறு பல பாக்டீரியாக்கள் மருந்தையே சிதைக்கும் நொதியைச் சுரந்து தப்பிக்கும். நிமோகாக்கஸ் அப்படிச் செய்வதில்லை. மருந்து ஒட்டும் இடத்தின் வடிவத்தையே அது மாற்றிவிடுகிறது. பூட்டு மாறியபின் பழைய சாவி சரியாகப் பொருந்தாது. (அமோக்ஸிசிலினுடன் கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மாத்திரையை 'பவர் அதிகம்' என்று கேட்டு வாங்குவோர் உண்டு. அந்த அமிலத்தின் வேலை நொதியைத் தடுப்பது. நொதியே சுரக்காத இந்தக் கிருமியிடம் அதனால் கூடுதல் பலன் இல்லை.)

இந்த வடிவ மாற்றம் எங்கிருந்து வருகிறது? மரபணுவில் ஓர் எழுத்து தற்செயலாக மாறுவது ஒரு வழி. நிமோகாக்கஸுக்கு அதைவிட வேகமான வழி ஒன்று தெரியும். பக்கத்தில் செத்துக்கிடக்கும் பாக்டீரியாவின் டி.என்.ஏ. துண்டை உறிஞ்சித் தன் மரபணுவில் ஒட்டவைத்துக்கொள்ளும். 1928-ல் இங்கிலாந்தில் பிரெடரிக் கிரிஃபித் இந்தத் திறமையை இதே கிருமியில்தான் கண்டார். மரபுப் பண்பைக் கடத்துவது டி.என்.ஏ. என்று 1944-ல் ஏவரி குழுவினர் காட்டியதும் இதை வைத்துத்தான். பென்சிலினுக்கு அடங்காத நிமோகாக்கஸில் சுவர்ப் புரத மரபணுக்கள் ஒட்டுத்துணி போல இருக்கின்றன. பல துண்டுகள் நம் வாயில் சாதுவாக வாழும் மைட்டிஸ் என்ற உறவுக்கார ஸ்ட்ரெப்டோகாக்கஸுடையவை. தேவையில்லாமல் விழுங்கிய மாத்திரை அந்தச் சாதுவைப் பழக்குகிறது; பாடம் நிமோகாக்கஸுக்குப் போகிறது.

தாய்லாந்து - மியான்மர் எல்லையில் மேலா என்ற அகதிகள் முகாம் இருக்கிறது. அங்கே சேகரித்த 3,085 நிமோகாக்கஸ் மாதிரிகளின் முழு மரபணுத் தொகுதியையும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குழந்தைகளிடம் எடுத்த 616 மாதிரிகளையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். 2014-ல் வெளியான முடிவின்படி, பென்சிலின் வகை மருந்துகளுக்கு அடங்காமையுடன் தொடர்புள்ள 301 ஒற்றை எழுத்து மாற்றங்கள் இரு இடங்களிலும் பொதுவாக இருந்தன. வலுவான தொடர்பு சுவர்ப் புரத மரபணுக்களில்தான். முகாமில் வாழும் ஏழைக் குழந்தையும் வசதியான நாட்டுக் குழந்தையும் ஒரே விதமான மாற்றங்களைச் சுமக்கிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 301-ல் ஒவ்வொன்றும் எதிர்ப்புக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சில, காரணமான மாற்றத்தோடு சேர்ந்து பயணிப்பவையாக இருக்கலாம். ஆனாலும் எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

இதே குடும்பத்தின் இன்னொரு கிருமி பையோஜீன்ஸ். தொண்டைப்புண்ணில் தொடங்கி, சில குழந்தைகளுக்கு வாதக்காய்ச்சலாகி, இதய வால்வையே கெடுத்துவிடும். அப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு ஆண்டுக்கணக்கில் தம் இதயத்தைக் காத்துக்கொள்கிறார்கள். பையோஜீன்ஸ் இன்றும் பென்சிலினுக்கு அடங்குகிறது. ஆனால் சியாட்டில் நகரில் கிடைத்த இரண்டு மாதிரிகளில் சுவர்ப் புரத மரபணு ஒன்றில் மாற்றம் இருந்ததும், அமோக்ஸிசிலினின் வேகம் அவற்றிடம் குறைந்ததும் ஏற்கெனவே பதிவாகியுள்ளன. அந்த ஊசி பலிக்காமல் போனால் இப்பிள்ளைகளுக்கு அதே அளவு நம்பகமான மாற்று மருந்து நம்மிடம் இல்லை.

நிமோகாக்கஸுக்காவது தடுப்பூசி இருக்கிறது. அது கிருமியின் வெளியுறையைக் குறிவைப்பதால், மருந்துக்கு அடங்காத வகைகளையும் தடுக்கும். உறையை மாற்றிக்கொண்டு தப்பிக்கும் வகைகளும் உண்டு என்பதால் தடுப்பூசிகளை அவ்வப்போது விரிவாக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-ல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் இது சேர்க்கப்பட்டது. 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணைகள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் இது பி.சி.வி. என்று குறிக்கப்பட்டிருக்கும்.