யோபுவைத் தேற்ற வந்தவர்கள்

பழைய ஏற்பாட்டில் உள்ள யோபுவின் சரித்திரத்தை நம்மில் பெரும்பாலோர் பொறுமைக்கு ஓர் உதாரணமாகவே கேட்டு வந்திருக்கிறோம். புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபமும் அவனை அவ்விதமே நினைவுகூர்கிறது. ஆயினும் 42 அத்தியாயங்கள் கொண்ட அந்நூலை முதலிலிருந்து முடிவு வரை வாசிப்பவர், பொறுமையே உருவான யோபுவை முதல் இரண்டு அத்தியாயங்களில் மட்டும் சந்தித்து, மூன்றாம் அத்தியாயம் தொட்டு, தான் பிறந்த நாளைச் சபிப்பவனும் கடவுளையே நியாயஸ்தலத்துக்கு அழைத்து வழக்காடத் துடிப்பவனுமான வேறொரு யோபுவைக் கண்டு திகைப்பார்.

இந்த வேறுபாட்டை ஆராய்ந்த பண்டிதர்கள் பலர், வசனநடையில் அமைந்த முன்னுரையும் முடிவுரையும் பழங்கதை ஒன்றைத் தழுவியவை என்றும், அவற்றின் நடுவே கவிதையில் அமைந்த நீண்ட சம்வாதம் பெருங்கவி ஒருவர் அந்தக் கதையை எடுத்துக்கொண்டு எழுப்பிய விசாரணை என்றும் கருதுகிறார்கள். நூல் உருவான காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்கும் நான்காம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கணிப்போரே அதிகம். பாபிலோனியப் படையெழுச்சியால் எருசலேம் வீழ்ந்து, தேவாலயம் எரிந்து, குற்றமுள்ளவனும் குற்றமற்றவனும் ஒருங்கே சிறைப்பட்டுப் போன துயரத்துக்குப் பின் வந்த காலம் அது. நல்லவன் ஏன் வதைபட வேண்டும் என்ற வினா எபிரெயருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதற்கு, அதே விஷயத்தைப் பேசும் பழைய பாபிலோனியக் கவிதைகளும் சான்றாக நிற்கின்றன.

யோபு எதை எதிர்த்து வழக்காடினான் என்பது விளங்க வேண்டுமாயின், அவன் காலத்தார் நம்பிய நியாயத்தை முதலில் அறிய வேண்டும். கற்பனைகளைக் கைக்கொள்ளும் ஜனத்துக்கு வயலிலும் பட்டணத்திலும் ஆசீர்வாதம் உண்டென்றும், மீறும் ஜனத்துக்குச் சாபம் வருமென்றும் உபாகமத்தின் 28-ஆம் அத்தியாயம் விரித்துரைக்கிறது. நீதிமொழிகளிலும் இந்தக் குரல் பல இடங்களில் ஒலிக்கிறது. இதை அற்பமான கொள்கையென்று ஒதுக்கிவிடலாகாது. ஏழையின் நிலத்தைக் கவரும் செல்வனையும், பரிதானம் வாங்கித் தீர்ப்பைப் புரட்டும் அதிபதியையும் நோக்கி, உன் செய்கைக்கு ஒருநாள் கணக்கு உண்டு என்று அச்சுறுத்தக்கூடிய சக்தி அதற்கு இருந்தது. ஆனால் எச்சரிக்கையாகப் பிறந்த அந்த வாக்கியத்தை மனிதர் தலைகீழாகத் திருப்பினார்கள். பாவத்தால் துன்பம் வரும் என்பதிலிருந்து, துன்பப்படுகிறவன் பாவம் செய்தவனாகவே இருக்க வேண்டும் என்ற முடிவுக்குத் தாவினார்கள்; தர்க்கமும் இதை ஒப்பாது, தயையும் ஒப்பாது. முன்பு செல்வனை அஞ்சவைத்த கோட்பாடு அந்தத் தாவலுக்குப் பின் அவனைப் புண்ணியவான் என்று போற்றவும், நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் பயன்படலாயிற்று.

எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் மூன்று நண்பர்கள், பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து புண்ணால் வதைபடும் யோபுவைத் தேற்ற வருகிறார்கள். உருத்தெரியாமல் கிடந்தவனைக் கண்டு அழுது, ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாதிருக்கிறார்கள். அவர்கள் செய்தவற்றுள் மிகச் சிறந்த காரியம் அதுவே என்பது என் எண்ணம். பேசத் தொடங்கிய பின்புதான் அவர்களுடைய சித்தாந்தம் அவர்களை ஆட்கொள்கிறது. ஒரே நாளில் பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்த தகப்பனிடம், அந்தப் பிள்ளைகள் பாவம் செய்திருந்தால் அதற்குரிய பலனை அடைந்தார்கள் என்று பில்தாத் கூசாமல் சொல்கிறான். உன் அக்கிரமத்துக்கு ஏற்ற தண்டனையைக் கடவுள் முழுமையாகக் கொடுக்கவில்லை, குறைத்தே கொடுத்திருக்கிறார் என்கிறான் சோப்பார்.

எலிப்பாசின் வீழ்ச்சி இவற்றினும் துக்ககரமானது. மூவரில் மூத்தவனாகவும் மிருதுவானவனாகவும் தோன்றும் அவன், நான்காம் அத்தியாயத்தில், தளர்ந்த கைகளைத் திடப்படுத்தியவனல்லவா நீ என்று யோபுவின் நற்குணத்தை மனமாரப் பாராட்டியே தொடங்குகிறான். வாதம் முற்ற முற்ற அவன் நெருக்கடிக்கு உள்ளாகிறான்: யோபு நல்லவனாயின் தன் சித்தாந்தம் பொய்யாகும், சித்தாந்தம் மெய்யாயின் யோபு தீயவனாக வேண்டும். கண்முன் இருக்கும் நண்பனுக்கும் மனத்தில் இருக்கும் கோட்பாட்டுக்கும் இடையே அவன் கோட்பாட்டைத் தேர்ந்துகொள்கிறான். 22-ஆம் அத்தியாயத்துக்கு வரும்போது, ஏழைகளின் வஸ்திரத்தை அடகாகப் பறித்தாய், தாகத்தால் தவித்தவனுக்குத் தண்ணீர் தரவில்லை, பசித்தவனுக்கு அன்னம் மறுத்தாய், விதவைகளை வெறுங்கையராய்த் துரத்தினாய் என்று, எவரும் காணாத குற்றங்களை ஒவ்வொன்றாகக் கற்பித்துச் சுமத்துகிறான். யோபு உத்தமன் என்று நூலின் முதல் வசனமே நமக்குச் சொல்லிவிட்டபடியால், இது பொய் என்பது வாசகருக்குத் தெரியும். நன்மனம் படைத்த ஒரு மனிதன் கடவுளின் நீதியைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு பொய்ச்சாட்சி சொல்லும் நிலைக்கு இறங்குவதைக் கவி படிப்படியாகக் காட்டுவதுபோல் வேறெங்கும் நான் கண்டதில்லை. அந்த ஆபத்தை யோபு முன்பே அறிந்திருந்தான்: கடவுளுக்காக நீங்கள் பொய் பேசுவீர்களோ என்று 13-ஆம் அத்தியாயத்திலேயே அவர்களைக் கேட்டுவிடுகிறான்.

இதற்கிடையே யோபுவின் முறையீடும் விரிவடைகிறது. தன் புண்ணையும் தன் இழப்பையும் பேசிக்கொண்டிருந்தவன், 24-ஆம் அத்தியாயத்தில் திக்கற்றோரின் கழுதையை ஓட்டிச் செல்பவர்களையும், விதவையின் மாட்டை ஈடாகப் பிடித்துக்கொள்பவர்களையும், உடுக்க ஆடையின்றிக் குளிரில் கிடப்போரையும், பிறருக்காகத் திராட்சை ஆலையை மிதித்தும் தாகம் தீராத கூலிகளையும் கண்டு, அவர்களுக்காகவும் கேட்கத் தொடங்குகிறான். பெரு நாட்டின் லீமா நகரில் ஏழைகளிடையே பணியாற்றிய குஸ்தாவோ குத்தியேரெஸ் என்ற பாதிரியார் 1986-இல் யோபுவைப் பற்றி எழுதிய நூலில் இந்தத் திருப்பத்தையே பிரதானமாக எடுத்துக்கொண்டார். வறுமையிலும் கொலையிலும் சிக்கிய குற்றமற்ற ஜனங்களின் நடுவே நின்று கடவுளைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதே அவருடைய கேள்வி.

பெருங்காற்றிலிருந்து கர்த்தர் கொடுத்த உத்தரம் பலருக்கு ஏமாற்றமாகவே இருந்து வருகிறது. யோபு கேட்டதற்கு நேரான மறுமொழி அதில் இல்லை; பூமியின் அஸ்திவாரம், கடலின் கதவுகள், சிங்கக்குட்டியின் இரை, காட்டுக்கழுதையின் சுதந்திரம், குதிரையின் வீரியம், லிவியாதானின் செதில்கள் என்று சிருஷ்டியின் விஸ்தாரமே கண்முன் விரிகிறது. வல்லமையைக் காட்டி வாயடைக்கும் பேச்சென்று சிலர் இதைக் கண்டித்திருக்கிறார்கள். மத்தித்தியாகு ட்சேவாட் என்னும் அறிஞர் 1966-இல் எழுதிய கட்டுரையொன்றில், நன்மைக்கு வெகுமதியும் தீமைக்குத் தண்டனையும் என்ற கணக்கின்மேல் இவ்வுலகம் கட்டப்படவில்லை என்பதே இந்தப் பேச்சின் உள்ளர்த்தம் என்று வாதித்தார். மனிதன் ஒருவனும் வாழாத வனாந்தரத்திலும் மழை பெய்விக்கப்படுகிறது என்ற வரி அங்கே வருவதை நினைக்கும்போது இந்த விளக்கம் எனக்கு வலுவுள்ளதாகவே தோன்றுகிறது. கீழ்ப்படிதலுக்குக் கூலியாக மழையை வாக்களித்த உபாகமத்தை அறிந்த செவிக்கு அந்த வரி இடிபோல் விழுந்திருக்கும்.

பேசி முடித்த கர்த்தர், நிந்தனைபோல் ஒலித்த யோபுவின் வார்த்தைகளை விட்டுவிட்டு, தம்மை ஆதரித்துப் பேசிய நண்பர்கள்மேல் கோபங்கொள்கிறார். என் தாசனாகிய யோபுவைப்போல் நீங்கள் என்னைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்ற கருத்தில் எலிப்பாசைக் கண்டித்து, அவர்கள் பலிகளோடு யோபுவிடம் போய் அவனுடைய வேண்டுதலை நாடும்படி கட்டளையிடுகிறார். துன்பப்படுகிறவனிடம் போய்ப் பாவத்தைத் தேடியவர்கள், அவன் ஜெபத்தால் மன்னிக்கப்பட வேண்டியவர்களாகிறார்கள்.

அதன் பின் யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வருவது வியாக்கியானிகளுக்குப் பெரிய இடர்ப்பாடு. ஏழாயிரம் ஆடுகள் 14,000 ஆகின்றன, மூவாயிரம் ஒட்டகங்கள் 6,000 ஆகின்றன. நண்பர்களின் சித்தாந்தமே இறுதியில் வென்றுவிட்டதோ என்ற ஐயம் எழாமலிருக்காது. யோபு தன் வழக்கை வென்றதற்காகவோ புண்ணியத்தின் விலையாகவோ இது கொடுக்கப்படவில்லை, தன்னை வதைத்த நண்பர்களுக்காக வேண்டிக்கொண்டபோது கேளாமல் வந்த அனுக்கிரகம் என்று சிலர் விளக்குகிறார்கள். திருடன் தன்னிடம் அகப்பட்ட பொருளுக்கு இரட்டிப்பாகக் கொடுத்தீர்க்க வேண்டும் என்ற யாத்திராகமச் சட்டத்தைச் சுட்டி, யோபுவுக்கு அநியாயம் நேர்ந்ததென்பதைக் கவி மறைமுகமாக ஒப்புக்கொள்கிறார் என்பாரும் உளர். பிள்ளைகளின் தொகை மட்டும் இரட்டிப்பதில்லை. முன்போலவே ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும் பிறக்கிறார்கள், அந்தக் குமாரத்திகளுக்குச் சகோதரரோடு சுதந்தரமும் கிடைக்கிறது.

இந்த விளக்கங்களுள் எதை ஏற்றாலும், ஒரு கணக்கு தீராமல் நிற்கிறது. சபேயரின் பட்டயத்துக்கும், வானத்திலிருந்து விழுந்த அக்கினிக்கும், கல்தேயரின் கொள்ளைக்கும் இரையான யோபுவின் வேலைக்காரரைப் பற்றி முடிவுரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. என்னை உருவாக்கியவரே என் வேலைக்காரனையும் உருவாக்கினாரல்லவா என்று 31-ஆம் அத்தியாயத்தில் நெஞ்சறிய அறிக்கையிட்டவன் யோபு. அவனுடைய சோதனையின் பொருட்டு மாண்ட அந்த மனிதருக்காக அதே நூலில் வழக்காட ஒருவரும் எழவில்லை.