ஓரத்தைப் பாருங்க, சார்!

சட்டை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். பேன்ட் என்றால் ட்ரையல் ரூமுக்குள் போய், முன்னே பின்னே திரும்பிப் பார்த்து, உட்கார்ந்து எழுந்து, வீட்டுக்கார அம்மாவிடம் சர்டிஃபிகேட் வாங்கிய பிறகுதான் பில். ஆனால், அந்த பேன்ட்டின் மானத்தையே காப்பாற்றப் போகிற பெல்ட்டை? பில் போடுகிற இடத்தில் பாம்பு மாதிரி வரிசையாகத் தொங்குவதில் ஒன்றை உருவி, "இதையும் சேர்த்துப் போட்டுருங்க!" என்கிறோம். முடிந்தது கதை.

ஆறே மாதத்தில் அது தோலுரிக்கிறது. (பாம்பு என்று சும்மாவா சொன்னேன்?)

வேடிக்கை என்னவென்றால், ஜீன்ஸ் பிறந்தபோது அதற்கு பெல்ட்டே கிடையாது. 1873-ல் அமெரிக்காவில் லெவி ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் செப்பு ரிவெட் அடித்த பேன்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்களே... அந்த பேன்ட்டைத் தோளில் மாட்டும் வாரில் தொங்கவிட்டுத்தான் தொழிலாளிகள் போட்டுக்கொண்டார்கள். லெவிஸ் ஜீன்ஸில் பெல்ட் கோக்கும் லூப் வந்தது 1922-ல்தான்! நம் ஊர் இடுப்பு இந்த விஷயத்தில் ரொம்ப சீனியர். அரைஞாண் கயிறு, சந்தை வியாபாரிகளின் அகலமான பச்சை பெல்ட் (பர்ஸ், பீடிக்கட்டு, சில்லறை எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனி அறை!), இப்போது 'ஒட்டிக்கோ கட்டிக்கோ' வேட்டி என்று நமக்குப் பரம்பரை அனுபவம் உண்டு. இருந்தும் தோல் பெல்ட் வாங்கும்போது மட்டும் ஏமாந்து நிற்கிறோம்.

தீக்குளிக்கும் பெல்ட்!

பிளாட்ஃபாரத்தில் பார்த்திருப்பீர்கள். "ஒரிஜினல் லெதர் சார்! இதோ பாருங்க!" என்று லைட்டரைக் கொளுத்தி பெல்ட்டில் காட்டுவார். சீதாதேவி மாதிரி பெல்ட்டும் பழுதில்லாமல் வெளியே வரும். கூட்டம் சொக்கிப் போய் பர்ஸைத் திறக்கும்.

இதில் ஒரு ரகசியம். தோல் சட்டென்று தீப்பிடிக்காது என்பது வாஸ்தவம்தான். ஆனால், பி.வி.சி. பிளாஸ்டிக்கும் அப்படித்தான். அதில் குளோரின் இருப்பதால் நெருப்பை எடுத்ததும் தானாகவே அணைந்துவிடும். ஆக, லைட்டர் பரீட்சையில் அசலும் பாஸ், போலியும் பாஸ்!

'ஜெனியூன் லெதர்' என்று பின்னால் குத்தியிருக்கிறதே என்பீர்கள். அதற்கு 'இதில் தோல் இருக்கிறது' என்றுதான் அர்த்தம். 'நல்ல தோல் இருக்கிறது' என்று அர்த்தமில்லை. 'சாம்பாரில் காய் இருக்கிறது' என்று ஓட்டலில் சொல்கிற மாதிரி. எத்தனை துண்டு என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

பெரியவர் சொன்ன சூத்திரம்

சைதாப்பேட்டையில் நான் வழக்கமாகச் செருப்புத் தைக்கக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். "பெரியவரே, நல்ல பெல்ட்டை எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டேன். பக்கத்தில் கிடந்த செத்துப்போன பெல்ட் ஒன்றை எடுத்துக் கத்தியால் குறுக்கே ஒரே சீவு. மேலே மெழுகுத்தாள் மாதிரி பளபளப்பு. நடுவில் அட்டை. கீழே ரெக்சின். பெல்ட்டா, சாண்ட்விச்சா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"மூஞ்சியப் பாக்காதீங்க சார்... ஓரத்தப் பாருங்க. ஒரே தோலா இருந்தா ஓரத்துல நார் நாரா தெரியும். ஒட்டுப்போட்டதுன்னா கோடு தெரியும்" என்றவர், சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "முன்னெல்லாம் பெல்ட்டு அறுந்தா எங்கிட்ட வரும். தச்சுக் குடுப்பேன். இன்னும் நாலு வருசம் ஓடும். இப்ப வர்றதுல ஊசி போட்டா நூல் நிக்க மாட்டேங்குது. அட்டையத் தைக்க முடியுமா? பத்துக்கு எட்டு பேர 'தூக்கிப் போடுங்க'ன்னு திருப்பி அனுப்பறேன்."

மட்டமான பெல்ட்டால் நஷ்டம் நமக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவர் வயிற்றிலும் அது கை வைத்திருக்கிறது.

அவருடைய இடுப்பைப் பார்த்தேன். லுங்கி. அதன்மேல் தையல் மேல் தையலாக, அதே பச்சை பெல்ட்!

தோலில் மூன்று ஜாதி

மாட்டுத் தோலும் எருமைத் தோலும் தடிமன் ஆனவை. அவற்றைக் கிடைமட்டமாகப் பிளப்பார்கள். முடியிருந்த மேல்புறத்தில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். அதைத் தேய்க்காமல் அப்படியே எடுத்தால் 'ஃபுல் கிரெய்ன்'. இதுதான் உழைக்கிற ரகம். கீழ்ப்பகுதி 'ஸ்ப்ளிட்'. நார்கள் தளர்வு, அதனால் பலம் குறைவு. மேலே பூச்சு பூசி அழகாக்கி விற்பார்கள். மூன்றாவது 'பாண்டட்'. தோல் துணுக்குகளை அரைத்து, பசை சேர்த்து அழுத்திய தகடு. கிட்டத்தட்ட தோல் புட்டு!

பூச்சாக வரும் பாலியூரித்தேன், ஈரக்காற்றும் வியர்வையும் பட்டால் நாளடைவில் சிதைந்து உரியும். சென்னைப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம்.

கடையில் செய்ய வேண்டியது இதுதான். ஓரத்தைப் பாருங்கள். பக்கிளுக்குப் பக்கத்தில் மடித்துப் பாருங்கள். மெல்லிய சுருக்கம் விழுந்து நிமிர்ந்ததும் மறைந்தால் நல்லது. வெடிப்பு விழுந்தால், கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடை.

ஜீன்ஸுக்கு வேறு, ஆபீஸுக்கு வேறு

ஜீன்ஸ் துணி கனம். லூப்பும் பெரிசு. ஒன்றரை அங்குல (38 மி.மீ.) அகலமும் மூன்றரை, நாலு மி.மீ. தடிமனும் வேண்டும். மெல்லிய பெல்ட் என்றால் ஓரம் சுருண்டு கயிறாகிவிடும். ஆபீஸ் பேன்ட்டுக்கு 30 முதல் 35 மி.மீ. அகலம் போதும். ஸ்பானர், டெஸ்டர் என்று இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏணி ஏறுகிறவர்களுக்கு நாலு மி.மீ. ஒற்றைத் தோலோ, கனமான நைலான் பட்டையோதான் சரி. நைலான் வியர்வைக்கும் மழைக்கும் பயப்படாது.

அளவு? பழைய பெல்ட்டில், ஊசி பொருந்தியிருக்கும் இடத்திலிருந்து நீங்கள் போடும் ஓட்டை வரை டேப் வைத்து அளங்கள். அந்த அளவு புது பெல்ட்டின் நடு ஓட்டையில் வர வேண்டும். தீபாவளி வந்தால் ஒரு ஓட்டை தள்ளலாம், விரதம் வந்தால் ஒன்று இழுக்கலாம்!

பக்கிள் பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ என்றால் உத்தமம். முலாம் பூசிய துத்தநாகக் கலவை லேசில் உடையும். கறுப்பு ஒரு பக்கம், பிரவுன் ஒரு பக்கம் என்று திருப்பிப் போடும் பெல்ட்டில், அந்தச் சுழலும் பக்கிள்தான் முதலில் மண்டையைப் போடும். தொப்புளுக்குக் கீழே அரிப்பும் தடிப்புமாக இருந்தால் பக்கிளில் உள்ள நிக்கல் காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

இறுக்கினால் எரியும்!

தொப்பையை பெல்ட்டால் அடக்கிவிடலாம் என்று நம்பும் அன்பர்களுக்கு: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் சிலருக்கு இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிச் சோதித்தார்கள். வயிற்று அமிலம் உணவுக் குழாய்க்குள் ஏறுவது கூடியது என்று 2014-ல் முடிவு வந்தது. இறுக்கமான பெல்ட் இடுப்பருகே நரம்பை அழுத்தினால் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப் போவதும் உண்டு. உட்கார்ந்த நிலையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். சாப்பிட்டதும் பெல்ட்டைத் தளர்த்துகிற சுகத்துக்கு, ஓட்டையில்லாமல் பல்சக்கரம் மாதிரி கால் அங்குலமாக நகரும் 'ராட்செட்' பெல்ட்டும் கிடைக்கிறது.

பி.காம். கணக்கு

ஒரு கணக்கு போடுவோம். 150 ரூபாய் பெல்ட் ஆறு மாதம் வந்தால் மாதம் 25 ரூபாய். 1,200 ரூபாய் பெல்ட் எட்டு வருஷம் வந்தால் மாதம் பன்னிரண்டரை. விலை எட்டு மடங்கு, செலவு பாதி! சென்னை பெரியமேட்டுப் பக்கம் போனால் தோல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நாலைந்தில் ஓரம் பார்த்துவிட்டு, பிடித்த கடையில் பேரம் பேசலாம்.

வாங்கியதை பேன்ட்டோடு ஆணியில் மாட்டிவிடாதீர்கள். கழற்றி, பக்கிள் மேலே இருக்கும்படி நேராகத் தொங்கவிடுங்கள். நனைந்தால் நிழலில் காயட்டும். வெயில் ஆகாது. ஓட்டை போட ஆணியும் சுத்தியலும் வேண்டாம், கிழியும். வட்ட உளி வைத்திருக்கும் நம் பெரியவர் மாதிரி ஒருவரிடம் கொடுங்கள். அவருக்கும் நாலு காசு.

அந்தப் புது ஓட்டை உள்பக்கம் போகிறதா, வெளிப்பக்கம் போகிறதா என்று மட்டும் கவனித்து வாருங்கள். வீட்டில் எடை மெஷினே வேண்டாம்!