பாட்டிலில் வந்த குஞ்சு கரிமீனா, சிலேபியா?



மழை பெய்து கால்வாயில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் நம்மூர்ப் பிள்ளைகள் கையில் ஒரு பாட்டில் வந்துவிடும். பாட்டிலுக்குள் நகத்தளவு மீன்குஞ்சுகள். "எப்பா, கரிமீன் குஞ்சு" என்று கொண்டு வந்து நீட்டும். இரண்டு நாள் அந்தப் பாட்டிலிலேயே கிடந்து பாதி செத்துப்போகும். மீதியை நாம் குளத்தில் கொட்டிவிடுவோம். இதிலே இரண்டு தப்பு இருக்கிறது. செத்தது ஒரு தப்பு. என்ன மீன் என்று பாராமல் குளத்தில் கொட்டியது அதைவிடப் பெரிய தப்பு.

நானே செய்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். என் தங்கை மகன் மணக்குடிக் காயல் பக்கம் ஒரு வாய்க்காலில் கோரி, முப்பது குஞ்சு கொண்டு வந்தான். "மாமா, எல்லாம் கரிமீன்" என்றான். நம்பினேன். தென்னந்தோப்புக்குப் பின்னால் கெண்டை விட்டிருந்த சிறு குளத்தில் விட்டேன். அடுத்த வருஷம் வலை போட்டால் நாலு விரல் நீளத்தில் சிலேபி, வலை கொள்ளாத சிலேபி. கெண்டைக்குப் போட்ட தவிடும் பிண்ணாக்கும் அதுகள் வயிற்றுக்குள் போய்விட்டன. கெண்டை எடை ஏறவே இல்லை.

சிலேபி என்று நாம் சொல்வது ஜிலேபிக் கெண்டைதான். ஆப்பிரிக்கா இதன் சொந்த ஊர். 1952-ல் நம் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டைக்கு வந்துவிடும். தாய்மீன் முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும்; பொரித்த குஞ்சுக்கு ஆபத்து என்றால் திரும்பவும் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். இப்படிப் பெருகுகிற மீன் ஒரு குளத்தில் புகுந்தால், குளத்தை வற்றவைத்துக் காயப்போடாமல் ஒழிக்க முடியாது.

கரிமீனும் இதே குடும்பம்தான். ஆனால் இது நம்முடையது. இந்தக் குடும்பத்தில் இந்தியாவுக்குச் சொந்தமானவை மூன்றே இனம். ஒன்று கரிமீன், 2010-ல் கேரள அரசு மாநில மீனாக அறிவித்தது இதைத்தான். இரண்டாவது, மலையாளத்தில் பள்ளத்தி என்கிற சின்ன மஞ்சள் மீன். மூன்றாவது கர்நாடகத்து ஆறுகளில் மட்டும் உள்ளது, அது நமக்கு வேண்டாம்.

ஒரே குடும்பம் என்பதால்தான் குஞ்சில் ஏமாந்துபோகிறோம். நகத்தளவில் இரண்டும் சாம்பல் நிறம்தான், இரண்டுக்கும் உடம்பில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் உண்டு. ஆகவே பட்டையைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரோடு குஞ்சை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கரிமீன் குஞ்சு ஏறக்குறைய வட்டமாக, பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். வாய் ரொம்பச் சின்னது. சிலேபிக் குஞ்சு கொஞ்சம் நீண்டிருக்கும், வாயும் அகலம். சிலேபியின் முதுகுச் செட்டையின் பின்பக்கத்தில் ஒரு கறுப்புப் பொட்டும் தெரியும். இதெல்லாம் சந்தேகம் கிளப்பத்தான் உதவும்.

சந்தேகம் தீர்க்கிற அடையாளம் ஒன்று உண்டு. மீனின் அடிவயிற்றுக்குப் பின்னால், மலத்துவாரத்தை ஒட்டி வாலை நோக்கிப் போகிற செட்டையைப் பாருங்கள். அதிலே முன்பக்கம் முள், பின்பக்கம் மெத்தென்ற நரம்பு. சிலேபிக்கு முள் மூன்றே மூன்று. கரிமீனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. பள்ளத்திக்கும் இப்படித்தான் பன்னிரண்டுக்குக் குறையாது. மூன்றையும் பன்னிரண்டையும் யாரும் மாற்றி எண்ண மாட்டார்கள். ஆனால் நகத்தளவு குஞ்சில் கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டு அங்குலமாவது வளர வேண்டும். செத்துப்போன ஒன்றை வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்து, அந்தச் செட்டையை ஊசியால் விரித்து, பூதக்கண்ணாடியில் எண்ணினால் இன்னும் சுலபம்.

அதுவரைக்கும் குஞ்சை எங்கே வைப்பது? இதற்குத்தான் வீட்டுக் கண்ணாடித் தொட்டி. மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் போதும். விளிம்புவரை நிறைத்தால் 190 லிட்டர், அதாவது 190 கிலோ. பழைய ஸ்டூலில் தூக்கி வைத்துவிடாதீர்கள். இதில் ஓரங்குலக் குஞ்சு இருபதுக்கு மேல் வேண்டாம்.

காயல் தண்ணீரில் பிடித்த குஞ்சை நேரே கிணற்றுத் தண்ணீரில் போடக் கூடாது. கரிமீன் நல்ல தண்ணீரிலும் வாழும், உப்புத் தண்ணீரிலும் வாழும். சட்டென்ற மாற்றம்தான் அதற்கு ஆகாது. பிடித்த இடத்துத் தண்ணீரையே இரண்டு குடம் கொண்டு வந்து அதிலே விட்டு, தினம் கொஞ்சமாக எடுத்துக் கிணற்றுத் தண்ணீர் சேர்த்து, நாலைந்து நாளில் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, மருந்து வாடை போன பிறகு ஊற்றுங்கள். கும்பப்பூ வயலில் பூச்சிமருந்து அடிக்கிற நாட்களில் வாய்க்கால் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். வயலுக்கு அடித்த மருந்து மீனையும் விடாது.

புதுத் தொட்டியில் மீன் சாவதற்கு முக்கியக் காரணம் தீனிதான் என்றால் நம்ப மாட்டீர்கள். மீன் தின்று கழிப்பதும் தின்னாமல் அழுகுவதும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். அதைத் தின்று சாதுவாக்குகிற நுண்ணுயிர்கள் தொட்டிக் கல்லிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தீனியைக் கிள்ளித்தான் போட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இரண்டு மூன்று நாளுக்கொரு தரம் கால்பங்கு தண்ணீரை அடியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறவர்கள் உண்டு. அந்த நுண்ணுயிர்களையும் சேர்த்தே கழுவிவிடுகிறார்கள்.

சின்னக் குஞ்சுக்குக் கொசுப்புழு முதல்தரம், செலவும் இல்லை. வளர வளரக் கரிமீன் பாசிக்குத் திரும்பும். குளத்தில் பாசி பிடித்த கல் ஒன்றை எடுத்துப் போடுங்கள், நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டிருக்கும். வேகவைத்த கீரை, தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்த உருண்டை, இவையும் ஆகும்.

கரிமீன் பயந்த மீன். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டினால் துள்ளி மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். மூன்று பக்கமும் காகிதம் ஒட்டி, உள்ளே ஒன்றிரண்டு ஓடு சாய்த்து வையுங்கள். கரண்டு போய்க் காற்றுக்குழாய் நின்றுவிட்டால், செம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அழகுக்காகவே வளர்க்கப் போகிறீர்கள் என்றால் நான் பள்ளத்தியைத்தான் சொல்வேன். உள்ளங்கைக்குள் அடங்கும், மஞ்சள் உடம்பில் சிவப்புப் புள்ளி, விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு. இதன் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் கொறித்து வளரும். காயலில் கரிமீன் உடம்பில் ஒட்டிய பூஞ்சையையும் கிருமியையும் இது கொத்திச் சுத்தம் செய்வதை இலங்கையில் ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கடையில் விற்கிற வெளிநாட்டு இனங்களை வாங்குமுன் யோசியுங்கள். இதே குடும்பத்தில், தென் அமெரிக்காவில் விரால் போல நீண்டு, கூட இருக்கிற மீனை விழுங்குகிற இனமும் உண்டு. குஞ்சில் அதுவும் சாதுவாகத்தான் தெரியும்.

கரிமீன் முக்கால் அடிக்கு மேல் வளரக்கூடியது. ஆகவே மூன்று அங்குலம் ஆனதும் அதற்குத் தொட்டி போதாது. ஒவ்வொன்றாகப் பிடித்து முள்ளைப் பாருங்கள். பன்னிரண்டு இருந்தால் குளத்துக்கு. அதிகாலையில், தீனி போடாமல், மண்பானையில் கொண்டுபோய், பானைக்குள் குளத்துத் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்த பிறகு விடுங்கள். மூன்று இருந்தால் குளத்துக்கும் வேண்டாம், வாய்க்காலுக்கும் வேண்டாம். தொட்டியிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் சட்டிக்குப் போகட்டும். பொரித்தால் ருசிக்கு ஒன்றும் குறைவில்லை.