காட்டுக்கு அப்பால் கெராச்சுட்

மலேசியாவின் பினாங்குத் தீவில், வடமேற்கு மூலையில் உள்ள தெலுக் பஹாங்கில் தொடங்குகிறது பினாங்கு தேசியப் பூங்கா. 2003-இல் அறிவிக்கப்பட்டது. வாசலில் பெயரைப் பதிந்துவிட்டு நடந்தால், மரநிழலிலேயே சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கெராச்சுட் கடற்கரை வந்துவிடும். நடுவே ஒரு மேடு கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும். மற்றபடி சுலபமான பாதைதான்.

மணலை எட்டும் முன் ஒரு பாலம் வரும். அவசரப்படாமல் அங்கே நின்று கீழே பாருங்கள். மழைக்காலத்தில் அங்கே ஓர் ஏரி நிறைந்திருக்கும். மேலே காட்டோடைகள் கொண்டுவந்த நல்ல தண்ணீர், அடியில் கடலின் உப்புத் தண்ணீர். உப்புநீர் கனமானது, அதனால் கீழேயே தங்கிவிடுகிறது, இரண்டும் எளிதில் கலப்பதில்லை. இப்படிப்பட்ட ஏரிகள் உலகிலேயே அரிது. வறண்ட மாதங்களில் போனால் இந்தக் காட்சி கிடைக்காது.

கரையில் பேராமைகள் வந்து முட்டையிடுகின்றன; அவற்றைக் காக்க ஒரு பொரிப்பகமும் உண்டு.

கடலில் மட்டும் இறங்காதீர்கள். நீரோட்டமும் ஜெல்லிமீன்களும் ஆபத்தானவை. குடிநீரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்.