ஹயலூரோனிக் அமிலம்: சீரம் எட்டாத ஆழம்

ஹயலூரோனிக் அமில சீரம் விற்பவர்கள் முன்வைக்கும் வாதம் எளிமையானது: இது நம் உடம்பிலேயே இருக்கும் பொருள், வயது ஏற ஏறத் தோலில் குறைகிறது, ஆகவே வெளியிலிருந்து பூசி ஈடுகட்டலாம். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை அவற்றிலிருந்து வருவிக்க முடியாது. ஒரு மூலக்கூறு என்ன செய்யும் என்பது அதன் பெயரைவிட அதன் அளவையும், அது இருக்கும் இடத்தையும் பொறுத்தது.

1934இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டு வகைச் சர்க்கரை மூலக்கூறுகள் மாறி மாறிக் கோத்த, கிளையே இல்லாத நெடுஞ்சங்கிலி இது. சங்கிலி நெடுக எதிர்மின்னூட்டம் இருப்பதால் அதன் பகுதிகள் ஒன்றையொன்று தள்ளி விரிகின்றன. அந்த இடைவெளியில் நீர் தங்குகிறது. எடையைப்போல் ஆயிரம் மடங்கு நீரைப் பிடிக்கும் என்ற விளம்பர வாசகம் இந்த விரிவைத்தான் மிகைப்படுத்துகிறது. அந்த நீரில் பெரும்பகுதி சங்கிலியோடு பிணைந்ததல்ல, இடையே தளர்வாக நிற்பது. 70 கிலோ எடையுள்ளவர் உடம்பில் இது சுமார் 15 கிராம் இருக்கிறது. அதில் ஏறத்தாழ பாதி தோலில். வியப்பான செய்தி என்னவென்றால், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் சிதைந்து புதிதாக உருவாகிறது. செல்களின் சவ்விலுள்ள நொதிகள் சங்கிலியை நெய்ய, ஹயலூரோனிடேஸ் என்ற நொதி அதை வெட்டுகிறது. பூசியது உள்ளே போனாலும் அங்கே நெடுநாள் சேமிப்பாக இருக்காது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

உள்ளே போவதே கடினம். தோலை எளிதில் ஊடுருவ மூலக்கூறு எடை சுமார் 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பது தோல் மருத்துவத்தில் புழங்கும் கணக்கு. உடம்பில் உள்ள ஹயலூரோனிக் அமிலமோ பல லட்சம், பத்து லட்சம் டால்டன்களைத் தாண்டுவது. அதனால் அது மேற்பரப்பிலேயே மெல்லிய படலமாக நிற்கிறது. அங்கே அது உண்மையாகவே உதவுகிறது: மேல்தோலின் இறந்த அடுக்கு ஈரம் பெற்று உப்ப, வறட்சியால் வந்த மெல்லிய கோடுகள் மங்குகின்றன. நல்ல ஈரப்பதமூட்டிக்கு உரிய மதிப்பை நான் மறுக்கவில்லை. கிளிசரினும் குறைந்த விலையில் இதே வகை வேலையைச் செய்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிறு துண்டுகளாக்கிய ஹயலூரோனிக் அமிலம் உள்ளே போகுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 76 பெண்கள் வெவ்வேறு அளவுள்ள மூலக்கூறுகள் கொண்ட கிரீம்களை 60 நாட்கள் பயன்படுத்தினார்கள். ஈரம் எல்லாவற்றாலும் கூடியது. சுருக்கத்தின் ஆழமோ சிறிய அளவுகளில் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. ஆனால் அவற்றில் மிகச் சிறியதும் 50,000 டால்டன், அதாவது 500 டால்டன் வரம்பைப்போல் நூறு மடங்கு. இரண்டு மாதச் சிறு ஆய்வை வைத்து இளமை திரும்பும் என்று உறுதி தர முடியாது. தவிர, உடம்பு இத்துண்டுகளைக் காயத்தின் அறிகுறியாக உணர்ந்து அழற்சியைத் தூண்டுவதை ஆய்வகங்கள் காட்டியுள்ளன. கிரீம் அப்படிச் செய்யும் என்று இதற்குப் பொருளில்லை. சிறியதெல்லாம் சிறந்தது என்ற முடிவுக்குத் தாவ வேண்டாம் என்பதே பொருள்.

தோலுக்குள் இதை நிறுத்தி வைக்க ஒரு வழி உண்டு: சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைத்து ஊசியால் செலுத்தும் ஃபில்லர். பிணைப்பு இருப்பதால்தான் அது மாதக்கணக்கில் கரையாமல் நிற்கிறது. உரிய இடத்தில் சேர்த்தாலே பலன் கிடைத்துவிடும் என்பதும் இல்லை. தேய்ந்த முழங்காலில் போடும் ஹயலூரோனிக் அமில ஊசி, போலி ஊசியைவிட வலியைக் குறைப்பது மிகச் சொற்பமே என்று 2022இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட தொகுப்பாய்வு சொன்னது.

சீரம் வாங்குபவர்கள் அதை ஈரமான முகத்தில் பூசி, மேலே சாதாரண மாய்ஸ்சரைசரைத் தடவினால் போதும். அதிக விலை தர வேண்டியதில்லை. ஃபில்லர் விஷயம் வேறு. தமனிக்குள் தவறிப் போனால் தோல் அழுகலாம், பார்வையே பறிபோகலாம். கரைக்கும் ஹயலூரோனிடேஸைக் கையில் வைத்திருக்கும், பயிற்சி பெற்ற மருத்துவரிடம் அல்லாமல் வேறு யாரிடமும் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.