சிறு தோட்டாவும் கடமானும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில் ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், அந்தி வேளையில் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருக்கையில், "ஏன் சார், ஆப்பிரிக்காவுல யானையையே சின்னத் துப்பாக்கியால சுட்டாங்களாமே, கடமானுக்கு மட்டும் பெருசு எதுக்கு?" என்று கேட்டார். கேள்வி எளியது, ஆனால் பலரும் மெய்யென்று நம்பிவிட்ட பிழையொன்று அதனுள் இருப்பதாலும், அப்பிழையின் பலனை வாயில்லாத ஒரு ஜீவன் அனுபவிக்க நேர்வதாலும், சற்று விரிவாகவே விடை கூறத் தோன்றுகிறது.

நண்பர் குறிப்பிட்டது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கக் காடுகளில் திரிந்த டபிள்யூ. டி. எம். பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரரை. அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதும், பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் குழல் விட்டமுடைய ரைஃபிளையே பிரயோகித்ததும் உண்மை. அந்தக் கொலைகளை நான் மெச்சவில்லை. ஆயினும் அவர் பயன்படுத்திய குண்டு நீண்டு கனத்து, உலோகக் கவசம் பூண்டு, 11 கிராம் எடையுள்ளதாய் இருந்ததையும், யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எவ்விடத்தில் இருக்கிறதென்று அவர் முன்னரே கற்றிருந்ததையும் மறந்துவிட்டு, விட்டத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதுதான் பிழை.

நம் நாட்டில் 'பாயின்ட் டூ டூ' என்று வழங்கும் ரைஃபிளின் குண்டோ 2.6 கிராம் எடையுள்ளது. சம்மட்டி பிடித்துப் பழகிய நண்பருக்கு இதை விளக்குவது கடினமாக இல்லை: எடை இருமடங்கானால் அடியின் சக்தி இருமடங்காகும், வேகம் இருமடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். எடையும் குறைந்து வேகமும் குறைந்த இச்சிறு குண்டின் சக்தி, குழல் வாயிலேயே பெரும்பாலும் 200 ஜூலுக்கு மேல் செல்வதில்லை. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டமோ, சிவப்பு மான் போன்ற பெரிய மான்களைச் சுடும் ரைஃபிளுக்குக் குழல் விட்டம் 6.1 மில்லிமீட்டருக்கும், சக்தி ஏறத்தாழ 2,300 ஜூலுக்கும் குறையலாகாது என்று விதிக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், 1860களில் கப்பலேறிச் சென்ற நம் கடமானின் சந்ததியே இன்று மலைக்காடுகளில் பெருகி வேட்டையாடப்படுகிறது. அங்கே கடமானுக்கென்றே 6.85 மில்லிமீட்டர் விட்டமும் 8.45 கிராம் குண்டும் குறைந்தபட்ச அளவுகள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கென்பதை அம்மிருகத்தின் உடலே சொல்லும். வளர்ந்த ஆண் கடமான் 200 கிலோவையும் தாண்டும். அதன் இருதயமும் நுரையீரலும் முன்னங்காலை ஒட்டிய நெஞ்சறைக்குள், தடித்த தோலுக்கும் தசைக்கும் விலாவெலும்புக்கும் பின்னே இருக்கின்றன. தக்க குண்டு அவ்வளவையும் துளைத்து, உள்ளே விரிந்து, சில கணங்களில் உயிரைப் போக்கிவிடும். சிறு தோட்டாவும் கொல்லத்தான் செய்கிறது. ஆனால் மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ கழித்து, வேட்டைக்காரனின் கண்ணுக்கு அப்பால் கொல்கிறது. துளை சிறியதாகையால் தோலும் முரட்டு மயிரும் அதை மூடிக்கொள்ள, பின்தொடர்வதற்கு இரத்தச் சுவடுகூடத் தரையில் தெளிவாய் விழுவதில்லை. காயம்பட்ட மிருகத்தைத் தேடிச் சென்று அதன் வேதனையை முடிப்பது வேட்டைக்காரனின் முதற்கடமை என்பர். அக்கடமையை நிறைவேற்ற வழியே இல்லாமற் செய்வதுதான் இத்துப்பாக்கியின் பெருங்குற்றம் என்பேன்.

நீலகிரியில் கடமான்கள் அருகி வருவதைக் கண்டு வேட்டைக்காரர்களே 1877இல் சங்கம் அமைத்ததும், 1879இல் சென்னை அரசாங்கம் அம்மலைக்கென்று தனிச்சட்டம் இயற்றியதும் பழங்கதை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991இல் திருத்தப்பட்டபின், நம் நாட்டில் மான் வேட்டைக்கு உரிமம் என்பதே இல்லை. எனவே இங்கே கடமானை நோக்கி நீளும் துப்பாக்கி, பெரிதாயினும் சிறிதாயினும், களவுத் துப்பாக்கியே. அக்களவுக்குச் சிறு ரைஃபிளை நாடுவதற்குக் காரணமும் எளிது: அதன் ஓசை ஊர்வரை எட்டாது.

ஊத்துக்கோட்டைக்கு வடக்கே தெரியும் நாகலாபுரம் மலைகளையும், அவற்றுக்கப்பால் திருப்பதியைச் சூழ்ந்த சேஷாசலக் காடுகளில் கடமான்கள் இன்னமும் வாழ்வதையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நண்பர் இடைமறித்து, "அப்ப, அது செத்துச்சா பொழச்சுச்சான்னு சுட்டவனுக்கே தெரியாதா சார்?" என்றார்.

"பெரும்பாலும் தெரியாதுங்க" என்றேன்.