கூண்டுச் சிறுகிளியும் அதன் குஞ்சுகளும்

மக்கள் தம் இல்லங்களில் வளர்க்கும் பறவைகளுள் கிளியைப்போல் மனத்தைக் கவர்வன சிலவே. முன்னாளிற் சென்னை வீடுகள் பலவற்றில் பச்சைக்கிளிக் கூண்டு தொங்குவது வழக்கமாயிருந்தது. 1972-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் அதனிற் செய்யப்பெற்ற திருத்தங்களும் நம் நாட்டுக் கிளியைப் பிடித்தலையும் அடைத்து வைத்தலையும் விலக்கின. அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்து மரங்களிற் கூட்டங்கூட்டமாய்த் திரியும் கிளிகள் இன்று நம் கண்ணுக்குரியனவேயன்றிக் கூண்டுக்குரியன அல்ல. திருமயிலை வீட்டுத் தாழ்வாரங்களிலும், தியாகராய நகரின் அடுக்குமாடி வீட்டு மாடங்களிலும் அவற்றின் இடத்தைப் பெற்றிருப்பது, பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை எனப் பல நிறத்தில் விளங்கும் ஒரு சிறுகிளியாம். அதனை இனம் பெருக்கிக் குஞ்சு வளர்க்கும் முறையை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

இச்சிறுகிளியைச் சென்னை மக்கள் 'லவ் பேர்ட்ஸ்' என்பர். அப்பெயர் பொருந்தாது. உண்மையில் அப்பெயர்க்குரியவை ஆப்பிரிக்கக் கிளிகள். நாம் கூறும் பறவை ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வெளிகளில் வாழும் பட்ஜரிகார் என்பதாம். ஜார்ஜ் ஷா என்பார் 1805-இல் இதனை அறிவியல் நூலில் முதன்முதல் விவரித்தார். ஜான் கூல்ட் என்னும் பறவை நூலார் 1840-இல் உயிருள்ள பறவைகளை இங்கிலாந்துக்குக் கொணர்ந்தார். அதன்பின் இஃது உலகெங்கும் பரவிற்று. 1985-இல் தீக்கிரையான நம் மூர் மார்க்கெட்டின் பறவைக் கடைகளை நினைவிற் கொண்டுள்ள பழைய மாணவர் பலர் இருப்பர்.

இப்பறவையின் தாய்நாட்டு வாழ்க்கையை அறியாதவன் இதனைச் செவ்வனே வளர்த்தல் இயலாது. அந்நாட்டின் உள்வெளிகளில் மழை காலந்தவறாது பெய்வதில்லை. ஆதலின் இக்கிளிகள் நீரும் புல்விதையும் நாடி இடம்விட்டு இடம் பெயர்ந்து திரியும். மழை பெய்து புல் விதை கட்டியவுடன் யூகலிப்டஸ் மரப்பொந்துகளிற் புகுந்து முட்டையிடும். விதை அற்றவுடன் நிறுத்திவிடும். உணவு, பொந்தின் இருள், ஆணின் மெல்லிய பாட்டு ஆகிய இவை பெண்ணை முட்டையிடத் தூண்டுவன. ஆணின் குரலைக் கேட்ட அளவிலேயே பெண்ணின் சினைப்பை வளர்ச்சியுறுதலை 1960-களில் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டின. கூண்டிலோ தினை என்றும் உண்டு; பொந்தும் என்றும் உண்டு; ஆணும் அருகிலே உண்டு. பறவையின் உடலுக்கு அஃது ஓயாத மழைக்காலமாகவே தோன்றும். இவ்வுண்மையிலிருந்தே வளர்ப்போன் கடமைகள் யாவும் பிறக்கின்றன.

முதலாவது, இணையைத் தேர்தல். அலகின்மேல் மூக்குத்துளைகளைச் சூழ்ந்த மெத்தென்ற தோல் முதிர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் நீலமாகவும், பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். நெற்றியிற் கரிய வரிகள் அலகுவரை இறங்கியிருப்பின் அஃது இளங்குஞ்சென்று அறிக. மூன்று நான்கு திங்களில் அவ்வரிகள் மறையும். ஓராண்டு நிரம்பாத பெண்ணை இணைத்தல் தகாது; அதற்கு முட்டை வயிற்றிற் சிக்கிக்கொள்ளும் இடருண்டு. ஓரிணைக்கு ஒரு கூண்டு என்பது நலம். பல இணைகளை ஒருங்கு வைப்பின் இணைகளினும் மிகுதியான பானைகளை ஒரே உயரத்திற் கட்டுதல் வேண்டும். இன்றேல் பெண்பறவைகள் ஒரு பானைக்காகப் போரிட்டுப் பிறர் குஞ்சுகளையும் கொல்லும்.

மரப்பொந்திற்கு ஈடாக நம்மவர் தொங்கவிடுவது, பக்கத்தில் துளையிட்ட சிறு மண்பானை. குழிந்த அதன் அடிப்பாகம் முட்டை உருளாமற் காப்பதோடு, குஞ்சின் கால்கள் அகன்று கோணாமலும் தாங்குகின்றது. பலகைப் பெட்டியாயின் நடுவே குழிவு செய்து மரச்சீவல் பரப்புக. கூண்டின் தாங்குகால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்துதல் இன்றியமையாதது; எறும்பு ஏறிய பானையிற் குஞ்சு பிழைப்பதரிது. சென்னையில் மாரி ஓய்ந்த மார்கழி முதல் மாசி வரையுள்ள காலம் இணைத்தற்கு ஏற்றது. கத்திரி வெயிலிற் பானையின் உட்புறம் அடுப்பெனக் காயும்.

உணவோவெனில், தினையும் வரகு சாமை முதலிய சிறுதானியமும், கீரையும், முளைகட்டிய பயறுமாம். குஞ்சுள்ள நாளில் அவித்த முட்டையைப் பொடித்துச் சேர்த்தல் நன்று. முட்டையோட்டிற்கு வேண்டிய சுண்ணச்சத்தினைக் கணவாய் ஓடு தரும். நாட்டு மருந்துக் கடைகளிற் கடல்நுரை என்னும் பெயரால் விற்கப்படுவது அதுவே.

இணை சேர்ந்தபின் பெண் ஒன்றுவிட்டு ஒருநாளாக நான்கு முதல் ஆறு முட்டைவரை இடும். அடைகாக்கும் காலம் முட்டையொன்றிற்கு ஏறத்தாழப் பதினெட்டு நாள். பெண் தொடக்கத்திலேயே அடையில் அமர்வதால் குஞ்சுகளும் ஒருங்கே பொரியாமல் நாள்விட்டு நாள் பொரிக்கும். கடைக்குட்டி கண் திறவாது கிடக்கும்போதே மூத்தது சிறகு முளைக்கத் தொடங்கியிருக்கும். இத்தகைய வேற்றுமையிலும் தாய் தவறுவதில்லை. இளையதை மல்லாத்தித் தன் வயிற்றினின்று சுரக்கும் பால்போன்ற நீர்மத்தை முதலில் ஊட்டி, மூத்தவற்றிற்கு மென்மையாக்கிய தானியத்தைத் தருகின்றது. தந்தை வெளியே தின்று வந்து தாய்க்கு ஊட்டும். ஐந்து வாரத்தையொட்டிக் குஞ்சுகள் பானையை விட்டு வெளிப்படும். அதன்மேலுஞ் சின்னாள் தந்தையே ஊட்டும். அவை தாமே தினையை உமிநீக்கித் தின்னக் கண்டபின்னரே பிரித்தல் முறை.

நிற்க, மெண்டலின் விதியை ஏட்டிற் பயிலும் மாணவர்க்கு இப்பறவை ஒரு கண்கூடான பாடம். காட்டில் வாழ்வதன் நிறம் பச்சை. நீலம், மஞ்சட்சாயம் அமையாத குறையால் வருவது. அந்நிறம் பச்சைக்கு அடங்கி நிற்பது. ஆதலின் இரண்டு நீலங்கள் பச்சைக் குஞ்சை ஈனா. நீலத்தை உள்ளடக்கிய இரண்டு பச்சைகளோ சராசரி நான்கிலொரு நீலக்குஞ்சைத் தரும். 2017-இல் இதற்குக் காரணமான மரபணுவும் கண்டறியப்பட்டது.

இனி யாம் முதன்மையாகக் கருதுவதைக் கூறுவோம். முதலீட்டுக் குஞ்சுகள் வெளிப்படுமுன்னரே தாய் மீண்டும் முட்டையிடத் தொடங்குதலுண்டு. பலர் இதனைப் பெரும்பேறாக எண்ணி மகிழ்வர். ஆனால் அத்தாயின் எலும்பிலுள்ள சுண்ணமன்றோ ஓடாக வெளிப்படுகின்றது! ஓயாது இடும் பெண் மெலிந்து, முட்டை சிக்கி மாளும். சில தாயர் முந்திய குஞ்சுகளின் இறகைப் பறித்துத் துரத்தவுஞ் செய்யும். தாய்நாட்டில் வறட்சி அதற்கு ஓய்வளித்தது. இங்கே அவ்வறட்சியாக நின்று ஓய்வளிக்க வேண்டியவன் வளர்ப்போனே. இரண்டு ஈட்டின்பின், கடைசிக் குஞ்சும் வெளிப்பட்டவுடன் பானையை அகற்றுக, முட்டைத்தீனியை நிறுத்துக, மாலையிற் கூண்டைத் துணியால் மூடிப் பகற்பொழுதைக் குறைக்க. வேண்டின் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்க. ஓராண்டிற் பாதிக்குக் குறையாது அவை ஓய்ந்திருத்தல் நலம். பானையைக் கட்டுதல் எவர்க்கும் எளிது. உரிய நாளில் அவிழ்த்தலே வளர்ப்போன் அறிவைக் காட்டுவது.

இனி நகர வாழ்க்கையின் இடர் சில. இச்சிறு பறவையின் நுரையீரல் நச்சுக்காற்றைத் தாங்காது. ஒட்டாத பூச்சுள்ள வாணலி அளவுமீறிக் காய்ந்தால் எழும் ஆவி நொடிப்பொழுதிற் கொல்லவல்லது. ஆதலிற் கூண்டை அடுக்களையருகே வைத்தலாகாது. 1929-30-இற் பல நாடுகளிற் பரவிய கிளிக்காய்ச்சல், உலர்ந்த எச்சத்தின் தூசியால் மனிதரைப் பற்றும் நோயாம். எனவே தட்டை நீர் தெளித்துத் துடைத்தலே தக்கது. குஞ்சுகள் மிகுந்தபோது 'விடுதலை' யளிப்பதாக எண்ணி வெளியே பறக்கவிடுவோரும் உளர். அது கருணையன்று. கூண்டிற் பிறந்த இப்பறவைக்கு இந்நகரில் இரைதேடவுந் தெரியாது. காக்கைக்கு ஒளியவுந் தெரியாது.

எனவே, மாணவ நண்பர்காள், பானையைத் தொங்கவிடுமுன் பிறக்கவிருக்கும் ஆறு குஞ்சுகளுக்கும் தக்க இல்லம் உண்டோ என வினவிக்கொள்வீராக. ஐந்து வாரம் அத்தாய் இருளில் அமர்ந்து செய்யும் பணியைக் கண்டவர், அதற்குரிய ஓய்வினை மறுக்க மனங்கொள்ளார்.